செவிலியப் பணியிலிருந்து மென்பொருள் விற்பனைக்கு

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்வி, வேலைவாய்ப்புத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்வி உதவி நிதியின் வரவு செலவு ஆண்டறிக்கையில் அச்சாகியுள்ளது. அதனை மீண்டும் வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு விடை கூறுவதே எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணி. அவர் கேட்டது இதுதான்: "நர்ஸ் படிப்புக்கென்று ஜமாஅத் பணம் கொடுத்தது. படித்த பெண் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொண்டிருக்கிறாள். கொடுத்த பணம் வீண்தானே?"

கேள்வி நியாயமானது. மஹல்லாவாசிகள் மாதச் சந்தாவாகவும் நன்கொடையாகவும் தந்த பணம் அது. அதைக் கேட்பதற்கு எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. ஆயினும் கேள்வி கூட்டத்தோடு முடியவில்லை, தெருவில் பேச்சாயிற்று. அந்தச் சகோதரியின் தாயார் காதுக்கும் போயிற்று. எனவே நாங்கள் அச்சகோதரியை அவர் இல்லத்தில், தாயாரும் சகோதரரும் உடனிருக்கச் சந்தித்து விவரம் கேட்டோம். அவருடைய விருப்பப்படி பெயரைக் கூறாமல் இங்கு எடுத்துரைக்கிறோம். இந்த ஆண்டு வேறு மூன்று செவிலியச் சகோதரிகள் இதே வழியில் செல்ல உதவி கோரி மனுக் கொடுத்திருப்பதால், இது ஒருவரைப் பற்றிய பேச்சாக மட்டும் இனி இருக்க முடியாது.

அவர் 2011ஆம் ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர்ந்தார். நான்காண்டுப் படிப்பு. முதல் இரண்டாண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஜமாஅத் வழங்கியது. எஞ்சியதைத் தந்தையார் தம் சிறு மளிகைக் கடை வருமானத்திலிருந்தே கட்டினார். 2015இல் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியில் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 9,000 ரூபாய். ஆறரை ஆண்டுகள் கழித்து அங்கிருந்து விலகியபோது அது 18,500 ரூபாய்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு விடப்பட்டது. பரிந்துரை 2016இல் வந்தது. இச்சகோதரி 2022இன் தொடக்கத்தில் விலகும்போதும் அந்தக் கடைசிப் படியைக்கூட எட்டவில்லை. "சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது" என்று சொல்வோர் இக்கணக்கையும் பார்க்க வேண்டுகிறோம்.

சம்பளம் மட்டும் காரணமன்று. மாதத்தில் பத்து இரவுகள் நைட் டியூட்டி. கணவர் வளைகுடாவில், இரண்டு சிறு பிள்ளைகள். 2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலையின்போது பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர்கூட அருந்தாமல் நின்றவர்களில் அவரும் ஒருவர். முதுகுவலி அப்போது தொடங்கியது. சவூதிக்கோ கத்தாருக்கோ செவிலியராகப் போயிருக்கலாமே என்று நாங்களும் கேட்டோம். அதற்குரிய தேர்வையும் சான்றிதழ்ச் சரிபார்ப்பையும் முடிக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. தந்தையார் பக்கவாதத்தில் படுத்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டிருக்கிறார். இதற்கு மேல் அந்தக் குடும்ப விவரத்திற்குள் நாம் போக வேண்டியதில்லை.

இனி, விற்பனை என்கிறோமே, எதை விற்கிறார்? இங்குதான் பலருக்கும் தெளிவில்லை. மருத்துவமனையை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கிறார். நோயாளியின் பதிவு, மருத்துவர் எழுதும் மருந்து, ஆய்வகப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், மருந்தகக் கையிருப்பு, இறுதி பில் ஆகிய அனைத்தையும் ஒரே கணினி அமைப்பில் இணைப்பது அது. முன்னர் பெரிய மருத்துவமனைகளே இதனை வைத்திருந்தன. காப்பீடு பரவிய பிறகு நிலை மாறிற்று. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. தனியார் காப்பீடும் பெருகிற்று. என்ன நோய், என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் எந்த மருந்து என்று காகிதம் சரியாக இல்லையெனில் காப்பீட்டுத் தொகை வராது. ஆகவே 30 படுக்கை உள்ள மருத்துவமனையும் கணினியை நாடத் தொடங்கியது. மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்குமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா எண் வழங்கும் ஏற்பாடு வந்தது. நம்மில் பலரிடம் அந்த எண் இருக்கிறது, எதற்கென்றுதான் தெரியாது.

இந்த மென்பொருளைத் தயாரிப்பவர்கள் பொறியாளர்கள். பயன்படுத்துபவர்கள் வார்டில் நிற்கும் செவிலியர்கள். இருவருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அதை அச்சகோதரி எங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் உறுதிசெய்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது செவிலியர் படிப்பின் பாலபாடம். பொறியாளர் இதற்கென்று அழகான திரை ஒன்றை அமைத்துவிடுகிறார். ஆனால் கணினி இருப்பது நர்ஸிங் ஸ்டேஷனில். மருந்து கொடுக்கப்படுவதோ கட்டிலருகில். இருபது நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் செவிலியர் ஒவ்வொரு முறையும் கணினிக்கு ஓடி வர இயலாது. எனவே அவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, ஷிப்டு முடியும் நேரத்தில் மொத்தமாகத் தட்டச்சு செய்கிறார். ஆறு மணி மருந்து எட்டு மணி மருந்து எல்லாம் கணினியில் ஒரே நேரத்தில் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும்; பதிவோ உண்மையன்று.

நள்ளிரவில் மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தை யார் பெயரில் பதிவது? மின்சாரமோ இணையமோ நின்றால், தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்த மருந்தின் விவரம் எங்கிருந்து கிடைக்கும்? ஒரே பெயருடைய இரு நோயாளிகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் திரை எச்சரிக்குமா? (நம் ஊரில் எத்தனை முஹம்மது இப்ராஹீம்கள் என்று எண்ணிப் பாருங்கள்.) ஷிப்டு மாறும்போது ஒரு செவிலியர் மற்றவருக்குச் சொல்லும் செய்திக்கு அந்த மென்பொருளில் இடம் இருக்கிறதா? விற்பனைக்கு வரும் மற்றவர்களுக்கு இக்கேள்விகளே தோன்றுவதில்லை. இவர் தாமே கேட்டுத் தாமே விடையும் காட்டுகிறார். கட்டிலருகே கொண்டுபோகும் கைக்கருவியையும், நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பார்கோடையும் ஏன் சேர்த்து வாங்க வேண்டும் என்று நர்ஸிங் சூப்பிரண்டுக்கு விளக்க, வார்டில் நின்றவரால்தான் முடியும். ஆகவே அந்த நான்காண்டுப் படிப்பு இன்றும் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பது எங்கள் முடிவு.

அவர் இந்தத் துறைக்கு வந்த வழியும் இதிலிருந்தே பிறந்தது. 2019இல் அவர் பணிபுரிந்த மருத்துவமனையில் இப்படியொரு மென்பொருள் நிறுவப்பட்டபோது, மற்றச் செவிலியர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குத் தனி ஊதியம் இல்லை. இரவுப் பணியும் குறையவில்லை. ஆனால் நிறுவ வந்த கம்பெனியார் இவர் கற்றுத்தரும் முறையைப் பார்த்திருந்தனர். விலகியபின் முதலில் பயிற்சி அளிப்பவராகச் சேர்ந்தார். ஓராண்டுக்குப் பிறகு, வாங்க விரும்பும் மருத்துவமனைகளில் டெமோ காட்டுபவரானார். அதன் பின்னரே விற்பனைப் பொறுப்பு. ஒரே தாவலில் நடந்ததன்று. மனுச் செய்துள்ள சகோதரிகள் இந்தப் படிவரிசையைக் கவனிக்க வேண்டும்.

விற்பனை என்றாலே பொய் என்று நம்மில் ஒரு சாரார் கருதுகின்றனர். வணிகத்தையே தொழிலாகக் கொண்ட சமுதாயத்தில் இவ்வாறு கருதுவது எங்களுக்கு வியப்பளிக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகர் என்பதைப் பயான்களில் பெருமையோடு கேட்கிறோம். நம் தெருக்களிலேயே எத்தனை சகோதரிகள் வீட்டிலிருந்தபடி புடவையும் நைட்டியும் தவணைக்கு விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்! அவர்களை யாரும் குறை கூறியதில்லை. மென்பொருள் என்றவுடன் மட்டும் தயக்கம் வருவானேன்?

இருப்பினும், இத்துறையில் தவறான பழக்கங்களே இல்லை என்று நாங்கள் கூற வரவில்லை. மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் பெறுவதை மருத்துவக் கவுன்சிலின் ஒழுக்க விதிகள் 2009 டிசம்பர்த் திருத்தத்தின் மூலம் தடைசெய்தன. 2024இல் மருந்துக் கம்பெனிகளுக்கும், அதே ஆண்டில் மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கும் விற்பனை நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. இவ்வளவு விதிகள் தேவைப்படுகின்றன என்பதே நிலைமையைக் காட்டுகிறது. ஒரு மருத்துவமனையில் கொள்முதல் பொறுப்பிலிருந்தவர் இவரிடம் விலையில் ஒரு பங்கைத் தனக்கு ஒதுக்கும்படி வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். இவர் மறுத்தார். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் காலாண்டில் இலக்கு எட்டப்படவில்லை, ஊக்கத்தொகையும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். பிறகு நல்ல பலன் தேடி வந்ததாகக் கதை முடிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

ஊக்கத்தொகை என்றோம். இதனைத் தாய்மார்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவமனைச் சம்பளம் குறைவாயினும் மாதம் பிறந்தால் வந்துவிடும். விற்பனையில் ஒரு பகுதி நிலையானது. மறு பகுதி இலக்கைப் பொறுத்தது. ஒரு மருத்துவமனை மென்பொருள் வாங்க முடிவெடுப்பது கடையில் புடவை எடுப்பது போன்றதன்று. உரிமையாளரான மருத்துவர், கணக்கு மேலாளர், நர்ஸிங் சூப்பிரண்டு, சில இடங்களில் மருத்துவரின் மைத்துனர் என நால்வர் சம்மதிக்க வேண்டும். ஆறு மாதம் அலைந்தபின் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள். இவருக்கு நிலையான சம்பளம் 24,000 ரூபாயில் தொடங்கியது. விற்பனைக்கு மாறிய முதலாண்டில் நான்கு காலாண்டுகளில் இரண்டில் ஊக்கத்தொகையே இல்லை. இப்போது நிலை நன்றாக உள்ளது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த முதலாண்டை அவர் கடந்தது தம் கிராச்சுட்டிப் பணத்தையும் கணவர் அனுப்பிய பணத்தையும் கொண்டுதான். ஐந்தாண்டு தொடர்பணி முடித்திருந்ததால் பணிக்கொடை கிடைத்தது. நான்கே கால் ஆண்டில் கோபித்துக்கொண்டு விலகியிருந்தால் அதுவும் இல்லை. மனுச் செய்தவர்களில் ஒருவர் நான்காண்டு இரண்டு மாதப் பணியில் இருக்கிறார். பொறுக்குமாறு அவரிடம் நேரிலேயே கூறியிருக்கிறோம்.

மற்றொருவர் தாய்மை நிலையில் உள்ளார். 26 வார ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 2017இல் சட்டமாயிற்று. ஆயினும் பிரசவத்திற்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால்தான் அப்பயன் கிட்டும். இப்போது வேலை மாறுவது அவருக்கு ஏற்றதன்று.

வெளியூர்ப் பயணம் குறித்த கவலை பெற்றோருக்கு இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது. இச்சகோதரி பெரும்பாலும் காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவிலுள்ள மருத்துவமனைகளையே கேட்டுப் பெற்றிருக்கிறார். தங்க நேர்ந்த இரண்டு முறையும் தாயார் உடன் சென்றார். ஹிஜாபுடன்தான் செல்கிறார், அதனால் எந்த மருத்துவமனையிலும் தடை ஏற்பட்டதில்லை என்றார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாவதன்று. பணிநிமித்தம் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் விசாரணைக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனமாயின் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். வேலைக்குச் சேருமுன் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பயணமே வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து விற்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். சென்னையில் 2010இல் தொடங்கப்பட்டு 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை சென்ற ஃபிரெஷ்வொர்க்ஸும், 1996இல் தோன்றிய ஜோஹோவும் தமிழ்நாட்டில் அமர்ந்தபடியே உலகெங்கும் மென்பொருள் விற்க முடியும் என்று காட்டியவை. ஜோஹோ தென்காசிப் பக்கத்தில் கிராமத்திலேயே அலுவலகம் வைத்திருக்கிறது. ஆயினும் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 7.30. அவர்களது அலுவலகம் முடியும்போது நமக்கு விடியற்காலை ஆகிவிடும். நைட் டியூட்டிக்கு அஞ்சி மருத்துவமனையை விட்டவர் மறுபடியும் நைட் டியூட்டியிலேயே போய் நிற்கக் கூடாது.

பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மனுக்களில் இரண்டு, "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் நிலையங்களுக்குக் கட்டணம் கட்டவே உதவி கோருகின்றன. 60,000 ரூபாய் ஒன்று. 85,000 ரூபாய் மற்றொன்று. நாங்கள் இரண்டையும் பரிந்துரைக்கவில்லை. இச்சகோதரி ஒரு ரூபாயும் கட்டியதில்லை. வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளை ஸேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் டிரெயில்ஹெட் தளத்தில் இலவசமாகக் கற்றார். மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவர் அதிகம் உழைத்தது ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதிலும், ஒரு மருத்துவமனையில் பணம் எங்கே வந்து எங்கே ஒழுகுகிறது என்று புரிந்துகொள்வதிலும்தான். வார்டில் பயன்படுத்திய ஊசியும் பஞ்சும் பில்லில் ஏறாமல் போவது செவிலியருக்குத் தெரியும். அதைக் கணக்கு மேலாளரிடம் எண்ணிக்கையாக எடுத்துக் காட்டப் பழகியபின் தமக்கு அச்சம் நீங்கியது என்றார்.

இதில் இழப்பே இல்லையா? இருக்கிறது. அந்த வார்டில் அனுபவமுள்ள ஒரு செவிலியர் குறைந்தார். அவ்விடத்திற்குப் புதிதாகப் படித்து வந்தவர் வந்திருப்பார். ஆறரை ஆண்டு அனுபவம் அவருக்கு இராது. நம் வீட்டுப் பெரியவர்கள் நாளை அந்தக் கட்டிலில் படுக்கும்போது அதன் விலை நமக்குத் தெரியும். ஆனால் அந்த இழப்பைத் தடுக்கும் ஆற்றல் நமது உதவித்தொகைக்கு இல்லை. மருத்துவமனைகள் தரும் ஊதியத்திற்கே உண்டு. செவிலியர் மன்றத்தில் தம் பதிவை அவர் இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார். 2021இல் நம் மத்ரஸாவில் நடந்த தடுப்பூசி முகாமில் பணிபுரிந்தவரும் அவரே. இன்றும் அவர் தெருவில் இன்சுலின் போடத் தெரியாத முதியவர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

உதவித்தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்ற யோசனையும் நிர்வாகக் குழுவிற்கு வந்தது. கொடுக்கும்போது அப்படி நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை. பொறியியல் படித்துவிட்டுத் துணிக்கடை வைத்த இளைஞரிடமும், பி.காம். படித்துத் திருமணத்திற்குப் பின் வேலைக்கே போகாத சகோதரியிடமும் நாம் கேட்டதில்லை. இவரிடம் மட்டும் கேட்பது முறையாகாது என்பது துணைக்குழுவின் ஒருமித்த கருத்து. அவரோ நாங்கள் சந்தித்த அன்றே, தாம் பெற்ற தொகைக்கு ஈடான பணத்தை அடுத்த மாணவிக்கென்று கொடுப்பதாகக் கூறினார். கடனாக எண்ணி அல்ல என்றும் சொன்னார். அது இவ்வாண்டு வரவுப் பக்கத்தில், பெயரின்றி, நன்கொடையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

எங்கள் பரிந்துரைக்கு வருகிறோம். மருத்துவப் படிப்பு முடித்துக் குறைந்தது மூன்றாண்டு பணிபுரிந்த மஹல்லாச் சகோதரிகள் வேறு துறைக்கு மாற விரும்பினால், பயிற்சிக் கட்டணமாக அல்லாமல், மடிக்கணினி வாங்குவதற்கும் முதல் ஆறு மாதப் பயணச் செலவிற்கும் 40,000 ரூபாய் வரை கர்ழன் ஹஸனாவாக வழங்கலாம்; 24 மாதத்தில் திரும்பச் செலுத்த வேண்டும். வேலைக்கான நியமன ஆணையைத் துணைக்குழுவிடம் காட்டிய பின்னரே பணம் தரப்படும். இச்சகோதரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்ரஸாவின் பெண்கள் பகுதியில் இரண்டு மணி நேரம் வழிகாட்ட இசைந்திருக்கிறார்.

இது பொருள் நிரலில் ஏழாவது தீர்மானமாக உள்ளது. ளுஹர் தொழுகைக்குப் பின் வாக்கெடுப்பு. பொதுக்குழு விதிகளின்படி சந்தா செலுத்தும் குடும்பத் தலைவர்களுக்கே வாக்குரிமை என்றாலும், இத்தீர்மானம் யாரைப் பற்றியதோ அவர்கள் திரைக்கு அப்பால் இருக்கிறார்கள். ஆகவே சகோதரிகள் தங்கள் கருத்தை எழுதித் தருவதற்குத் தாள்கள் அப்பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. அவை வாக்கெடுப்பிற்கு முன் இந்த மேடையில் வாசிக்கப்படும். பெயர் எழுத வேண்டியதில்லை. வஸ்ஸலாம்.